நூலைத் தேடிய பின் கருவியைத் தேடுக

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகளை அயல்நாட்டில் வைத்திருக்கும் பெற்றோர், கல்லூரியில் பயிலும் இளைஞர் எனப் பலரும் அண்மைக் காலமாக ஒரே வினாவைக் கேட்கின்றனர். “சாமி, இந்த இ-ரீடர் என்கிறார்களே, அதில் எதை வாங்கலாம்?” வினா நல்ல வினாவே. ஆயின், அதன் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. மாட்டை ஓட்டி வருவதற்கு முன்பே தீவனத்திற்கு என்ன வழி என்று எண்ணிப் பார்ப்பவரே நல்ல குடியானவர். அதுபோல, தாம் படிக்க விரும்பும் நூல்கள் எங்கே கிடைக்கும், அவற்றை விலைக்கு வாங்குவதா, இரவல் பெறுவதா என்பதை முதலில் தெளிந்து கொண்டவரே தமக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்க முடியும். ஏனெனில், இக்கருவிகளுள் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு புத்தகக் கடையின் வாசலில் கட்டப்பட்டவை.

முதலில், இக்கருவி யாது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். கைப்பேசியிலும் கணினியிலும் எழுத்துகள் தெரிவது பின்னாலிருந்து வரும் ஒளியால். மின்னூல் கருவியின் திரையோ வேறு வகை. தலைமயிரின் பருமனளவே உள்ள எண்ணற்ற நுண்ணுறைகள் அத்திரையில் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வோர் உறைக்குள்ளும் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. மின்னூட்டம் மாறும்போது அவற்றுள் ஒருவகை மேலெழ, மற்றொரு வகை கீழே தாழ்கிறது. மேலெழுந்த கருந்துகள்களே நாம் காணும் எழுத்து. ஒரு முறை எழுத்து அமைந்துவிட்டால், பக்கத்தைத் திருப்பும் வரை அதனை அப்படியே வைத்திருக்க மின்சாரம் வேண்டுவதில்லை. இதனாலேயே ஒரு முறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் படிக்க முடிகிறது. ‘மின்மை’ எனப்படும் இத்தொழில்நுட்பம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் உருப்பெற்றது, இதற்கென 1997இல் ஒரு நிறுவனம் எழுந்தது. சோனி நிறுவனம் 2004இல் ஜப்பானிலும், அமேசான் நிறுவனம் ‘கிண்டில்’ என்ற பெயரில் 2007 நவம்பரில் அமெரிக்காவிலும் இத்தகைய கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

இதனால் வாசகருக்கு என்ன பயன்? நண்பகல் வெயிலில் திண்ணையில் அமர்ந்தாலும், அச்சுத்தாளைப் போலவே எழுத்து தெளிவாகத் தெரியும். இரவில் படிப்பதற்கு ஒளி வேண்டுமெனில், அவ்வொளி திரையின் ஓரங்களிலிருந்து எழுத்தின்மேல் விழுமேயன்றி நம் கண்ணை நோக்கிப் பாயாது. எல்லாவற்றிற்கும் மேலாக, எழுத்தின் அளவை வேண்டியவாறு பெரிதாக்கிக் கொள்ளலாம். கண்புரை அறுவைக்குப் பிறகும் சிற்றெழுத்தைக் காண இயலாமல், வாழ்நாள் முழுதும் படித்துப் பழகிய பழக்கத்தையே கைவிட்ட முதியோர் நம் இல்லங்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு இஃது ஒரு பொழுதுபோக்குப் பொருளன்று. இழந்த ஒன்றைத் திரும்பப் பெறுவதாகும். இருநூறு கிராம் அளவே எடையுள்ள கருவியை நடுங்கும் கைகளும் தாங்கும். தடித்த அட்டையிட்ட ஆயிரம் பக்க நூலை அவ்வாறு தாங்க முடியுமா?

குறைகளும் உள. பக்கம் திரும்புவதில் சிறு தயக்கம் காணப்படும். பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைத் திரைகளே. வண்ணத் திரைகள் இப்போது வந்துள்ளன எனினும், அவற்றின் வண்ணம் அச்சுப் படத்தின் பொலிவுக்கு ஈடாகாது. ஆகவே சிறுவர்க்குரிய படக்கதை நூல்களுக்காக இக்கருவியை வாங்குவது வீண். ஆயின், இதில் காணொலியும் அரட்டையும் ஓடா என்பதைச் சிலர் குறையாகக் கூறுகின்றனர். அதனை நான் நிறையாகவே கருதுகிறேன். கைப்பேசியில் நூலைத் திறந்தவர் பத்தாம் நிமிடத்தில் அதே நூலில்தான் இருக்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

விலையையும் பார்க்க வேண்டுமன்றோ? கிண்டில் பேப்பர்ஒயிட்டின் புதிய வடிவம் 2025 ஏப்ரலில் இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை 16,999 ரூபாய். ஒரு தமிழ் நூலின் விலையைச் சராசரியாக 250 ரூபாய் என்று கொண்டால், ஏறத்தாழ 68 நூல்களின் விலை அது. ஆண்டிற்கு மூன்று நூல்கள் படிக்கும் வீட்டில் இருபது ஆண்டிற்கும் மேலான வாசிப்பைக் கருவிக்கே கொடுத்தாயிற்று. நூல்களுக்குரிய விலை தனி. இக்கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் வாங்கத் துணிவோர் மேலே படிக்கலாம்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரியுமா?

ஆங்கில நூல்களுக்கென எழுதப்படும் ஆலோசனைகளில் இவ்வினா இடம்பெறுவதில்லை. நமக்கோ இதுவே முதல் வினா. நம் எழுத்தில் ‘கொ’ என்பதற்குக் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். பழைய கருவிகள் பல இம்முறையை அறியாமல் கொம்பை ஓரிடத்திலும் மெய்யை வேறிடத்திலும் சிதறவிட்டன. அமேசான் தன் இந்திய மின்னூல் கடையை 2012இலேயே திறந்திருந்தும், தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழி நூல்களை 2016 டிசம்பரில்தான் முறையாக விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆகவே, எவரேனும் பயன்படுத்திய பழைய கருவியை மலிவாகத் தருவதாகச் சொன்னால், ஒரு தமிழ்ப் பக்கத்தை அதில் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மின்னூல் என்ற பெயரில் இரண்டு வகைகள் உலவுகின்றன. ஒன்று, ஒருங்குறியில் தட்டெழுதப்பட்ட உண்மையான மின்னூல். ‘ஈபப்’ என்னும் வடிவில் அமைந்த இதில், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்து திரைக்கு ஏற்ப அமைந்துகொள்ளும். மற்றொன்று, அச்சு நூலின் பக்கங்களைப் படம் பிடித்துக் கோத்த பி.டி.எஃப். கோப்பு. பெரிய தாளைச் சிறு திரையில் சுருக்கிக் காட்டுவதால் எழுத்து எறும்பளவாகிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். பழந்தமிழ் நூல்களுள் மிகப் பல இவ்விரண்டாம் வகையில்தான் கிடைக்கின்றன. ஆராய்ச்சி மாணவரும், மறைந்த அறிஞர்தம் பழைய பதிப்புகளைத் தேடுவோரும், ஆறேழு அங்குலத் திரையுள்ள கருவியை வாங்கி ஏமாறுவதைவிடப் பத்து அங்குலத் திரையையோ வீட்டிலுள்ள கணினியையோ பயன்படுத்துவது நன்று.

விலைக்கு வாங்கியது யாருக்குச் சொந்தம்?

அச்சிட்ட நூலொன்றை நீங்கள் வாங்கினால் அப்படி உங்கள் உடைமை. அதனைத் தங்கைக்குக் கொடுக்கலாம். பழைய புத்தகக் கடையில் விற்கலாம். பேரனுக்கு வைத்துவிட்டுப் போகலாம். பதிப்பாளரின் அனுமதி எதற்கும் வேண்டுவதில்லை. மின்னூலுக்குப் பணம் செலுத்தும்போதோ, பெரும்பாலான கடைகளில் நாம் பெறுவது படிப்பதற்கான ஓர் உரிமம் மட்டுமே. அவ்வுரிமத்தின் வரம்புகளைக் கடையே வகுக்கிறது. கோப்பின்மேல் ஒரு பூட்டும் போடப்படுகிறது. அப்பூட்டு, குறிப்பிட்ட கணக்கிற்கும் அக்கணக்கில் பதிந்த கருவிகளுக்கும் மட்டுமே திறக்கும்.

இஃது ஏட்டளவிலான அச்சமன்று. 2009 ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரு புதினங்களை வாங்கியிருந்த அமெரிக்க வாசகர்கள் ஒருநாள் கருவியைத் திறந்தபோது அவை காணாமற் போயிருந்தன. அப்பதிப்பை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று அறிந்ததும், அமேசான் வாசகர்தம் கருவிகளிலிருந்தே அவற்றை நீக்கிவிட்டது. பணத்தைத் திருப்பித் தந்தது; பின்னர் அதன் தலைவர் வருத்தமும் தெரிவித்தார். ஆயினும், நூலோடு தான் எழுதி வைத்த குறிப்புகளும் பயனற்றுப் போயின என்று மாணவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நீக்கப்பட்ட நூல்களுள் ஒன்று, அரசு பழைய ஏடுகளை அழிப்பதைப் பற்றிப் பேசும் ‘1984’ என்பது வரலாறு செய்த குறும்பு.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கதை இதனினும் தெளிவானது. 2017இல் மின்னூல் விற்கத் தொடங்கிய அந்நிறுவனம், 2019இல் கடையை மூடியது. மூடிய கடை புதிதாக விற்காது என்பது இயல்பு. ஆனால் அங்கே ஏற்கெனவே வாங்கப்பட்ட நூல்களும் 2019 ஜூலையோடு திறவாமற் போயின. பணம் திரும்பக் கிடைத்தது, நூல் கிடைக்கவில்லை. இதனோடு ஒன்றை ஒப்பிடத் தோன்றுகிறது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் 1578இல் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு ஏடு. அதன் படியொன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கிறது. அச்சிட்ட கூடம் மறைந்து நூற்றாண்டுகள் ஆயின. அந்த ஏட்டைத் திறக்க எவருடைய கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை.

2025 பிப்ரவரி 26 முதல் அமேசான் இன்னொரு வழியையும் அடைத்தது. வாங்கிய நூலின் கோப்பைக் கணினியில் இறக்கி, கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதி அதுவரை இருந்தது. அன்றோடு அது நின்றது. மறுபுறம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. விற்பது உரிமம் மட்டுமே எனில், அதனை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்று எழுதக் கூடாது என்கிறது அச்சட்டம். நம் நாட்டிலும் இத்தகைய நேர்மை வேண்டும்.

இவற்றைக் கூறுவதால் கிண்டிலை வாங்க வேண்டாம் என்று சொல்வதாகக் கொள்ளற்க. தமிழ் மின்னூல்கள் மிகுதியாக விலைக்குக் கிடைக்கும் கடை அதுவே. தம் நூல்களை அச்சுக்கூடத்தின் துணையின்றி அங்கே நேரடியாக வெளியிடும் தமிழ் எழுத்தாளரும் உளர். 2022 முதல் ஈபப் கோப்புகளையும் மின்னஞ்சல் வழியே அக்கருவிக்கு அனுப்ப முடிகிறது. ஒரு முறை படித்து வைத்துவிடும் துப்பறியும் கதைக்கும் பயணக் கட்டுரைக்கும் உரிமமே போதுமானது. ஆண்டுதோறும் எடுத்துப் புரட்டும் நூல், பிள்ளைகளுக்கென வைக்கும் நூல், ஓரத்தில் குறிப்பெழுதும் நூல் ஆகியவற்றை அச்சில் வாங்குவதே என் பரிந்துரை. பூட்டில்லாத மின்னூல் கிடைக்குமாயின் அதனையும் தயங்காமல் வாங்கலாம். அவற்றை ஒழுங்குபடுத்தி வைக்கவும், ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் கோவித் கோயல் என்பவர் 2006இல் தொடங்கிய ‘காலிபர்’ என்னும் இலவச மென்பொருள் கணினியில் உதவும்.

இரவல் பெறுதல்

இரவல் வாங்கிப் படிப்பதில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க வரலாறு உடையது. மன்னார்குடிப் பகுதியில் 1931இலேயே மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றனர். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் நெடிய முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய முதற் சட்டம் அதுவே. நாம் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. வரியைக் கட்டிவிட்டு நூலகத்தின் வாசற்படியை மிதியாதவர், விருந்துக்குப் பணம் கட்டிவிட்டுப் பட்டினி கிடப்பவருக்கு ஒப்பாவார்.

மின்னூல் இரவலில் மேலை நாடுகள் முந்திக்கொண்டன. அங்கே நூலக உறுப்பினர் அட்டை இருந்தால், ‘லிபி’ என்னும் செயலி வழியாக வீட்டிலிருந்தபடியே மின்னூலைப் பெறலாம். இரண்டு மூன்று வாரத்தில் தவணை முடிந்ததும் அது தானே திரும்பிவிடும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் தமிழ் மின்னூல்களையும் இம்முறையில் வழங்குகிறது. பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருப்போர்க்கு இங்கே ஒரு குறிப்பு: நூலக மின்னூலைக் கிண்டிலில் பெறும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டுமே உண்டு. கனடாவிலோ சிங்கப்பூரிலோ இங்கிலாந்திலோ இருக்கும் மகன், நூலக நூல்களைப் படிக்கவே கருவி வாங்குகிறான் எனில், ‘கோபோ’ போன்று நூலக வசதியை உள்ளேயே கொண்ட கருவியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதே கோபோவை இங்குள்ள பெற்றோருக்குப் பரிசாக அனுப்பினால் அவ்வசதி பயன்படாது.

மின்னூலுக்கு அழிவில்லையே, எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாமே என்று தோன்றும். பதிப்பாளர் அதற்கு இசைவதில்லை. ஒரு படி வாங்கிய நூலகம் ஒரு நேரத்தில் ஒருவருக்கே தரலாம். ஆகவே மின்னூலுக்கும் வரிசையில் நிற்க வேண்டும்! ஹார்ப்பர்காலின்ஸ் என்னும் பதிப்பகம் 2011இல், 26 முறை இரவல் கொடுத்தபின் நூலகம் மறுபடியும் விலை கொடுக்க வேண்டும் என்று விதித்தது. அச்சு நூல் கிழிந்தால் புதிது வாங்குவதில்லையா என்பது அவர்கள் வாதம். நம்மூர்க் கிளை நூலகத்தில் கட்டுமானம் பிரிந்த நூலை நூல்கயிற்றால் தைத்து நாற்பதாண்டு வழங்கும் நூலகர், இதைக் கேட்டால் நகைப்பார்.

மாதச் சந்தாவும் ஒருவகை இரவலே. ‘கிண்டில் அன்லிமிடெட்’ போன்ற திட்டங்களில் பல தமிழ் நூல்களைப் படிக்கலாம். ஆனால் சந்தா நின்ற மாதமே நூல்களும் போய்விடும். விடுமுறை மாதங்களில் சேர்ந்து, வேண்டியதைப் படித்துவிட்டு விலகுவதே குடும்ப வரவு செலவுக்கு ஏற்றது.

இனி, விலையும் இரவலும் இன்றியே நமக்கு உரியதாகிவிட்ட ஒரு செல்வம் உண்டு. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அவர் எழுத்து பொதுவுடைமையாகிறது. 1921இல் மறைந்த பாரதியாரும், 1948இல் மறைந்த புதுமைப்பித்தனும், 1954இல் மறைந்த கல்கியும் இன்று எல்லோருக்கும் உரியவர்கள். இவர்களன்றி, குடும்பத்தார்க்குப் பரிவுத்தொகை கொடுத்துத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் பட்டியலும் நீண்டது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998 பொங்கல் முதல் தன்னார்வலர் பலர் தட்டெழுதியும் பிழை திருத்தியும் உருவாக்கிய ‘மதுரைத் திட்டம்’ சங்க நூல் முதல் அண்மைக்கால உரைநடை வரை இலவசமாக வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் உள. ஆசிரியர்கள் தாமே மனமுவந்து இலவசமாக அளித்த நூல்களைச் சிறு திரைக்கேற்ற வடிவிலும் தருகிறது ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’. கருவி வாங்கிய ஒருவர் ஈராண்டு ஒரு காசும் செலவிடாமல் நல்ல தமிழ் படிக்க இவை போதும்.

அச்சு எழுத்தையே காண இயலாத நம் சகோதரருக்கும் ஒரு வழி உண்டு. பார்வைக் குறைவு உள்ளோர்க்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்க உரிமை தரும் மராக்கேஷ் உடன்படிக்கையை உலக நாடுகளுள் முதலாவதாக 2014இல் உறுதிசெய்தது இந்தியாவே. 2016இல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலய’ என்னும் இணைய நூலகத்தில் அத்தகையோர் பதிவுசெய்து, ஒலியாகவும் புடைப்பெழுத்தாகவும் நூல்களைப் பெறலாம்.

வருந்திச் சொல்ல வேண்டியது ஒன்று. புலனக் குழுக்களில் “படித்துவிட்டுப் பகிருங்கள்” என்னும் குறிப்போடு, சென்ற ஆண்டு வெளிவந்த புதினம் முழுவதும் பி.டி.எஃப். வடிவில் வருகிறது. நம் குடும்பக் குழுக்களிலும் வருகிறது. அனுப்புபவர் கெட்டவரல்லர், நூலின்மேல் உள்ள ஆசையால்தான் அனுப்புகிறார். ஆயினும், சில நூறு படிகள் விற்றாலே பெரிது என்னும் நிலையில் இருக்கும் தமிழ் நூலுக்கு, இருநூறு பேர் உள்ள ஒரு குழு எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். வாங்கிய அச்சு நூலை நண்பருக்குக் கொடுத்தால் ஒரு படி கை மாறுகிறது. இங்கே ஒரு படி இருநூறாகிறது. எழுதியவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. உயிரோடிருக்கும் எழுத்தாளரின் உழைப்புக்குக் கூலி மறுப்பது வயலில் வேலை செய்தவனின் கூலியை மறுப்பதினின்று எவ்வாறு வேறுபடும்? இலவசமாகக் கிடைக்கும் நல்ல நூல்கள் மலையளவு இருக்க, இதற்கு ஏன் கை நீட்ட வேண்டும்?

வாங்குவது என்று துணிந்தோர்க்கு ஒரு நடைமுறைச் சொல். ஒரு தாளை எடுத்து, இவ்வாண்டு நீங்கள் உண்மையாகவே படிக்க விரும்பும் பத்து நூல்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது மின்னூலாகக் கிடைக்கிறதா, எக்கடையில், என்ன விலையில், எழுத்து வடிவிலா பட வடிவிலா, இலவசமா என்று பிள்ளைகளைக் கொண்டு பார்த்துக் குறியுங்கள். அரை மணி நேர வேலை. கணக்கை எவர் பெயரில் தொடங்குவது என்பதையும் அப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். ஒரே கணக்கில் இரண்டு மூன்று கருவிகளைப் பதிந்து, ஒரு முறை வாங்கிய நூலைத் தாயும் மகளும் படிக்க முடியும். பத்தில் ஆறேழு கிடைக்குமாயின் கருவியை வாங்கலாம். இரண்டு மூன்றே கிடைத்தால், அத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிளை நூலகத்திற்குச் சென்று உறுப்பினர் படிவம் கேளுங்கள்.